புதுக்கடையில் 64 பேருக்கு விருந்து: கல்லடியில் ஓர் இந்தியச் சைவ உணவகத்தைச் சோதித்து ஓடர் கொடுத்த நிகழ்வு

பின்னணி

மட்டக்களப்பு நகரிலுள்ள ஓர் அலுவலகத்தில் ஓய்வுபெறும் இருவருக்குப் பிரியாவிடை விருந்து ஏற்பாடானது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு என்று நாள் குறிக்கப்பட்டது. பெயர் கொடுத்தவர்கள் 64 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம்கள். தமிழர்களில் பலர் வெள்ளியில் மச்சம் தொடாதவர்கள். எல்லோரும் ஒரே மேசையில் இருந்து ஒரே சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது ஓய்வுபெறுபவர்களின் விருப்பம். வழக்கமான ப்ரைட் ரைஸ், கோழிப் பொரியல் ஓடர் அதற்குச் சரிவராது. மரக்கறிச் சாப்பாடும் மதுபானம் இல்லாத இடமும் தேவைப்பட்டன.

கல்லடியில் அப்போது மூன்று வாரங்களுக்கு முன்தான் ஓர் இந்தியச் சைவ உணவகம் திறந்திருந்தது. அங்கே போய்ப் பார்க்க மூவர் பொறுப்பேற்றார்கள். ஒருவர் அலுவலகத்தில் பல நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்தவர், ஒருவர் கணக்குப் பார்ப்பவர், மூன்றாமவர் கோயில் அன்னதானச் சமையலில் நீண்டகாலம் நின்று பழகியவர். மூன்றாமவர் இல்லாவிட்டால் முதல் நாளே முழு முற்பணமும் கொடுபட்டிருக்கும்.

புதுக்கடைக்குப் போகிறவர்கள் ருசியைப் பற்றித்தான் கேட்பார்கள். இங்கே கேள்வி வேறு: வெள்ளி இரவு ஏழு மணிக்கு, ஒரே இருப்பில், இந்தக் குசினியால் எத்தனை தட்டு அனுப்ப முடியும்?

கடையின் நிலை

தலைமைச் சமையற்காரர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. உதவிக்கு உள்ளூர்ப் பொடியன்மார் இருவர். தோசைக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலமான ஒரே கல், 12 மில்லிமீற்றர் தடிப்பு. சாய்த்து ஊற்றும் 10 லீற்றர்க் கிறைண்டர் ஒன்று, நான் ரொட்டிக்குப் புதுத் தந்தூர் அடுப்பு ஒன்று. பிரிட்ஜ் மட்டும் வீட்டுக்கு வாங்கும் அளவில் இருந்தது. அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்கியது, குசினி துப்புரவாக இருந்தது.

முதல் தடவை: செவ்வாய், பின்னேரம் 3 மணி

கடையில் வேறு ஆட்கள் நாலைந்து பேர்தான். நெய் ரோஸ்ட், மசாலாத் தோசை, இட்லி, நான், பனீர் பட்டர் மசாலா ஆகியவை எடுக்கப்பட்டன. ஒன்பது நிமிடத்தில் முதல் தட்டு மேசைக்கு வந்தது.

இட்லியை விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்பியது. பிட்டுப் பார்த்தால் உள்ளே சிறிய, ஒரே அளவான கண்கள். கண்கள் பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால் மா கூடப் புளித்துவிட்டது என்று பொருள். கண்ணே இல்லாமல் இறுகிக் கிடந்தால் உழுந்து சரியாக அரைபடவில்லை அல்லது மா பொங்கவில்லை. தோசை ஓரம் முதல் நடு வரை ஒரே பொன்னிறம். சாம்பார் துவரம்பருப்பில் செய்தது, கரண்டியில் ஒட்டிக்கொண்டு இறங்கியது. நம் கடைகளில் மைசூர்ப் பருப்பில் வைக்கும் சாம்பார் தெளிவு மேலே, பருப்பு கீழே எனப் பிரியும். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

பனீர் நன்றாக இருந்தது. எருமைப்பால் வாங்கிக் கடையிலேயே திரிக்கிறார்கள். பசுப்பாலைவிட அதில் கொழுப்பும் கட்டிப்பொருளும் கூட. பனீர் இறுகி நிற்கும், குழம்பில் கரையாது. பசுப்பாலில் செய்ததுபோலப் பூப்போல இராது, கடித்தால் சற்று எதிர்க்கும். தயிர்ச்சட்டிக்குப் பேர்போன மாவட்டத்துக்குப் பொருத்தமான வேலைதான்.

நான் ரொட்டி மட்டும் சரியில்லை. ஒரு பக்கம் வெளிறி, அடியில் கரித்தூள் ஒட்டியிருந்தது. சுவரிலிருந்து நழுவிக் கரியில் விழுந்து எடுக்கப்பட்டது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

மூவரில் இருவர் அன்றே ஓடர் கொடுக்கச் சொன்னார்கள். அன்னதானச் சமையற்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கடை காய்ந்து கிடக்கும் நேரத்தில் சாப்பிட்டது எதற்கும் சான்றில்லை, விருந்து நடக்கும் அதே கிழமையில், அதே மணிக்கு ஒரு தடவை வர வேண்டும் என்றார்.

இரண்டாம் தடவை: வெள்ளி, இரவு 7.30

கதிரை பிடிக்கவே கால் மணித்தியாலம் சென்றது. முதல் தோசை வர 35 நிமிடம். நிறம் வெளிறி, ஓரம் கிழிந்திருந்தது. வாயில் வைத்ததும் புளிப்பு முன்னுக்கு நின்றது. மொறுமொறுப்பு இருந்தது, ஆனால் அது அப்பளம் நொறுங்குவதுபோல உடைந்தது. தேங்காய்ச் சட்னி நீர்விட்டு, இலேசான ஊசல் வாடையோடு இருந்தது. சாம்பார் பிரிந்திருந்தது. பனீர் மட்டும் செவ்வாய்க்கிழமையைப் போலவே வந்தது.

கூட்டம் குறைந்த பிறகு அன்னதானச் சமையற்காரர் குசினி வாசலில் நின்று கேட்டார்: “மாஸ்டர், செவ்வாய்க்கிழமைத் தோசை நல்லா இருந்தது. இண்டைக்குப் புளிச்சுப் போச்சே, என்ன நடந்த?”

மாஸ்டர் மழுப்பவில்லை. “நேத்து சாயங்காலம் அரைச்ச மாவு சார். வைக்க எடமில்லை” என்றார். திங்கள் காலை வந்தால் எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொன்னார். இந்தப் பதில்தான் அந்தக் கடையைக் கைவிடாமல் இருக்கக் காரணம். மாவில் பிழையில்லை என்று அவர் வாதாடியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

குசினிக்குள் தெரிந்தவை

மா. வியாழன் மாலை 4 மணிக்கு அரைத்து, உப்புப் போட்டு, பெரிய வாளியில் வெளியே வைத்திருக்கிறார்கள். நம் இரவு வெக்கையில் எட்டு, ஒன்பது மணித்தியாலத்தில் மா பொங்கிவிடும். அதாவது நள்ளிரவோடு பதம் வந்துவிட்டது. பிரிட்ஜ் முழுக்கப் பனீரும் மரக்கறியும். வாளி மறுநாள் முழுவதும் அடுப்படிச் சூட்டில் நின்று, இரவு 7 மணிக்கு 27 மணித்தியால மாவாகக் கல்லில் விழுந்திருக்கிறது.

கூடப் புளித்த மாவுக்குப் புளிப்பு மட்டும் குற்றமில்லை. தோசையைச் சிவக்க வைக்கும் சீனிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்று முடித்துவிடும், அமிலமும் ஏறிவிடும். அதனால் எவ்வளவு நேரம் கல்லில் கிடந்தாலும் தோசை வெளிறியே இருக்கும். உழுந்து பிடித்து வைத்திருந்த காற்றும் போய், மா நீர்த்துக் கல்லில் ஒட்டும். உதவியாளர் ஒருவர் புளிப்பை அடக்கப் பச்சையரிசி மாவைக் கலந்திருந்தார். அப்பளம்போல உடைந்ததன் காரணம் அது.

அரிசி. “எங்க ஊர்ல இட்லி அரிசின்னு கேட்டா எடுத்துத் தருவாங்க, இங்க கேட்டா சிரிக்கிறாங்க” என்றார் மாஸ்டர். சம்பாவில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளை நாட்டரிசிப் புழுங்கலுக்கு வந்திருந்தார். நாலுக்கு ஒன்று உழுந்து, ஒரு கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசியில் பிழையில்லை. உழுந்தில்தான் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு குணம்: பழைய உழுந்து எவ்வளவு அரைத்தாலும் பொங்காது. அரைத்த உழுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். தாழ்ந்தால் இன்னும் அரைக்க வேண்டும். அரைத்தும் தாழ்ந்தால் அந்த மூட்டையைத் தோசைக்கு எடுக்கக் கூடாது. மிதப்பதைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்தும் பழக்கம் உதவியாளர்களிடம் இருந்தது.

கல்லும் காஸும். பெரிய தோசை ஒரு நேரத்தில் நாலுதான் வரும். ஊற்றி, எடுத்து, துடைத்து, சூடு திரும்ப ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். 64 பேரும் ஆளுக்கு இரண்டு கேட்டால் 128 தோசை, 32 சுற்று, இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல். ஓடர் குவிந்தபோது மாஸ்டர் காஸைக் கூட்டியிருக்கிறார். கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் மா பரவாது, கரண்டியோடு சுருண்டு வரும். பிறகு திடீரெனச் சூடு இறங்கியிருக்கிறது. கல்லின் இரண்டு பர்னர்களுக்கும் பொரியல் அடுப்புக்கும் ஒரே 12.5 கிலோ சிலிண்டர். தொடர்ந்து அதிக காஸ் இழுத்தால் உள்ளே திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து அமுக்கம் விழும். சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்திருந்ததை உதவியாளர்கள் பார்த்திருந்தார்கள். காஸ் முடிகிறது என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

சாம்பாரும் சட்னியும். பின்னேரமே துவரம்பருப்பு தீர்ந்து, பக்கத்துக் கடையில் கிடைத்த மைசூர்ப் பருப்பை அவித்துச் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள். சட்னி மதியம் இரண்டு மணிக்கு அரைத்தது. பச்சைத் தேங்காய் நம் வெக்கையில் நாலு மணித்தியாலம் தாங்குவதே பெரிது.

தந்தூர். புது மண்ணடுப்பைப் பழக்காமல் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். உட்சுவரில் கீரை, வெல்லம், உப்பு, எண்ணெய் கலந்து பூசி, சிறு தணலில் மெல்லச் சூடேற்றி, ஆறவிட்டு, திரும்பப் பூச வேண்டும். இதைப் பல தடவை செய்தால்தான் சுவர் இறுகி மாவைப் பிடிக்கும். ஒரே ஒரு தடவை செய்திருந்தார்கள். சிரட்டைக்கரி நல்ல தணல் தரும், ஆனால் சுவர் முழுக்கச் சூடேறும் முன்னரே நானை அடித்தால் அது நழுவத்தான் செய்யும்.

எடுத்த முடிவுகள்

கடையை மாற்றுவதா என்ற பேச்சு வந்தது. கண்டுபிடித்த குறைகளில் ஒன்றும் கைப்பக்குவக் குறை அல்ல, நேரமும் இடமும் காஸும்தான். அவற்றை ஒரு நாளுக்குச் சரிக்கட்டலாம் என்று அன்னதானச் சமையற்காரர் கணித்தார். விருந்துக்கான மெனுவைக் கடையின் அட்டையிலிருந்து எடுக்காமல், கல்லின் கணக்கிலிருந்து எழுதினார்கள்.

நான் நீக்கப்பட்டது. அதற்குப் பதில் ஆளுக்கு இரண்டு பூரி, சன்னா மசாலா. ஒரு நல்ல தாச்சியில் நிமிடத்துக்கு நாலு பூரி எடுக்கலாம். 130 பூரிக்கு அரை மணித்தியாலம் கொஞ்சம் கூட. 35 கிராம் உருண்டை என்றால் ஆட்டா மா 3 கிலோ. மா இறுக்கமாக இருக்க வேண்டும், குழைத்து இருபது நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வைத்தால் இளகி எண்ணெய் குடிக்கும். தேய்க்கும்போது மா தூவினால் அது எண்ணெயில் கருகிக் கடைசிப் பூரிகளைக் கறுப்பாக்கும், அதனால் எண்ணெய் தொட்டே தேய்ப்பது. காய்ந்த கடலை 3 கிலோ, முதல் நாள் இரவே ஊற வேண்டும்.

தோசை எட்டு அங்குலத்துக்குச் சுருக்கப்பட்டு, ஆளுக்கு ஒன்று என வைக்கப்பட்டது. 70 கிராம் மாவில் ஒன்று. கல்லில் ஒரு நேரத்தில் எட்டு வரும். இட்லியும் ஆளுக்கு ஒன்று. இரண்டுக்குமாக வெள்ளை நாட்டரிசி 3.2 கிலோ, உழுந்து 800 கிராம். அதில் பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலான மா கிடைக்கும், 80 இட்லிக்கும் 75 தோசைக்கும் போதும்.

பிரிட்ஜில் இடமில்லாத சிக்கலுக்கு மாஸ்டரே வழி சொன்னார். வியாழன் இரவு கடை பூட்டும்போது அரிசியை ஊறவைத்து, வெள்ளி காலை ஆறரைக்கு உழுந்தைப் போட்டு, எட்டரைக்கு ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தால் மாலை நாலரைக்குப் பதம் வரும். குளிரூட்ட வேண்டிய தேவையே வராது. இதை அவர் வழக்கமான வெள்ளிகளுக்கும் ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, காலையில் அரைக்க ஆள் இல்லை என்றார். விருந்து நாளுக்கு முதலாளி ஒரு கையாளை மேலதிகமாகப் போட ஒத்துக்கொண்டார்.

சாம்பார் 15 லீற்றர், துவரம்பருப்பு 1.5 கிலோ, மூன்று நாளுக்கு முன்பே வாங்கி வைப்பது. சட்னிக்குத் தேங்காய் 8, பொட்டுக்கடலை 400 கிராம். பொட்டுக்கடலை நீர்விடாமல் பிடிக்கும். ஆறேகாலுக்குப் பாதி, ஏழே முக்காலுக்குப் பாதி என இரண்டு தடவையாக அரைப்பது. மரக்கறிப் புரியாணிக்குப் பாஸ்மதி 5.5 கிலோ. தோசைக்கல்லுக்குத் தனியே இரண்டு சிலிண்டர், தாச்சிக்கு வேறு.

விலை தலைக்கு 1,650 ரூபா, 10% சேவைக் கட்டணமும் அதற்குள்ளே. இதை எழுதி வாங்கியது கணக்குப் பார்ப்பவரின் வேலை. பத்து வீதம் ஆள் கூடினால் அதே தலைக்கணக்கு என்ற வரியையும் அவரே சேர்த்தார். முற்பணம் பாதி.

ஒத்திகை

விருந்துக்கு முந்திய புதன் மாலை, கடைக்கு வந்த வழமையான ஆட்களோடு 12 தட்டுகள் இதே நேரக்கணக்கில் செய்து பார்க்கப்பட்டன. வெயில் நாள். மா நாலு மணிக்கே பொங்கி நின்றது. மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை.

விருந்து நாள்

வெள்ளி காலை பதினொரு மணிக்கு மழை தொடங்கியது. வடகீழ்ப் பருவத்தின் முதல் கனத்த மழை. குசினி குளிர்ந்துவிட்டது. நாலரைக்குப் பார்த்தபோது மா ஒன்றரை மடங்குதான் எழும்பியிருந்தது. உதவியாளர் அப்பச்சோடா போடலாம் என்றார். மாஸ்டர் மறுத்தார்: சோடா போட்டால் இட்லி எழும்பும், ஆனால் மஞ்சள் புள்ளியும் சவர்க்கார வாடையும் வரும். மாவை மூன்று பாத்திரங்களில் பிரித்து, கை தாங்கும் வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, மேலே ஈரத்துணி போட்டார். ஒரே வாளியில் விட்டிருந்தால் ஓரம் மட்டும் சூடேறி நடு அப்படியே இருந்திருக்கும்.

மா தயாராக ஆறரை ஆகும் என்பதால் பந்தி வரிசை மாற்றப்பட்டது. இட்லி முதலில் என்று இருந்தது, பூரி முதலுக்கு வந்தது. பூரி மாவுக்கும் மழைக்கும் தொடர்பில்லை. மஃரிப் தொழுது வந்தவர்கள் அமர்ந்து, 6.45க்கு முதல் பூரி வெளியே போனது. இட்லி 7.10க்கு. செவ்வாய்க்கிழமை இட்லியைவிடக் கொஞ்சம் கட்டி, ஆனால் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

தோசை 7.30க்குத் தொடங்கி 8.15க்கு முடிந்தது. சிலிண்டர் மாற்றும் தேவை வரவில்லை. ஒரு விடயம் எதிர்பாராதது. வயதானவர்கள் சிலர் மொறுமொறுத் தோசையை ஒதுக்கி, சம்பலோடு சாப்பிடும் தடித்த தோசை கேட்டார்கள். பல்செட் போட்டவர்களின் நியாயம் அது. மாஸ்டர் அதே மாவைப் பரப்பாமல் ஊற்றி, மூடி போட்டு எடுத்துக் கொடுத்தார். ஒரு சுற்றில் மூடி வைத்தால் பக்கத்துத் தோசைகளுக்கும் ஆவி அடிக்கும், அதனால் அவர்களுக்குக் கடைசிச் சுற்றுகள் ஒதுக்கப்பட்டன.

பிழைபட்டது புரியாணி. ஐந்தரைக்கே தம் இறக்கி, ஒடுங்கிய ஆழமான பானையில் மூடி வைத்துவிட்டார்கள். வரிசை மாறியதால் அது எட்டு மணிக்குத்தான் பந்திக்கு வந்தது. மேற்சோறு உதிரியாக, அடிப்பகுதி கனத்திலும் ஆவியிலும் நசிந்து களியாகிவிட்டது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பரிமாறப்படவில்லை.

வந்தவர்கள் 71 பேர். பூரி இரண்டாம் சுற்றில் போதாமல் போய், மேலும் ஒரு கிலோ மா குழைக்கப்பட்டது. எழுதிய வரியின்படி 70 பேர் வரைக்கும் அதே தலைக்கணக்கு. 71ஆம் ஆளுக்கு முதலாளி காசு கேட்கவில்லை.

பின்னர்

கடை ஒரு மாதத்துக்குள் மாவுக்கென்று தனிக் கூலர் வாங்கியது. வெள்ளியும் செவ்வாயும் காலை, பின்னேரம் என இரண்டு தடவை அரைக்கிறார்கள். தந்தூரைப் பழக்கி முடித்து நானைத் திரும்ப அட்டையில் போட்டிருக்கிறார்கள். பூரி–சன்னா மாலை நேரத்துக்கு நிலையாக வந்துவிட்டது. பார்சல் தோசை இன்னும் சரியாகவில்லை: மசாலாவின் ஆவியில் பத்து நிமிடத்தில் துவண்டுவிடுகிறது, மசாலாவைத் தனியே கட்டித் தரச் சொல்லிக் கேட்டால்தான் தருகிறார்கள்.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியவை

ஒத்திகை வெயில் நாளில் நடந்தது, விருந்து மழையில். ஐப்பசி, கார்த்திகையில் மாவை நம்பி விருந்து வைத்தால், அரைக்கும் நேரத்தை ஒன்றரை மணித்தியாலம் முன்னுக்கு எடுக்க வேண்டும். பொங்கிய மாவை ஒரு மணித்தியாலம் ஐஸ் பெட்டியில் நிறுத்துவது, பொங்காத மாவைப் பொங்கவைப்பதைவிட இலகு.

புரியாணியை அகலமான தாச்சியில் தம் போட்டு, இறக்கிப் பத்து நிமிடத்தில் தட்டுகளுக்கு மாற்ற வேண்டும். வரிசையில் ஒன்று பின்னுக்குப் போனால் அதையும் பின்னுக்குத் தள்ளச் சொல்ல ஒருவர் குசினிக்குள் நிற்க வேண்டும். அன்று மூவரும் வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆள் கணக்கை வியாழன் மாலை நாலு மணிக்கு மூடுவது, அதற்குப் பின் வருகிறவர்களுக்குப் பத்து வீதத்துக்குள் இடம். பூரி மாவை மட்டும் தொடக்கத்திலேயே 15% கூட்டிப் போடுவது. மற்றவை எல்லாம் ஆளுக்கு ஒன்று என்று நின்றாலும் பூரியை யாரும் இரண்டோடு விடுவதில்லை.